அம்மம்மாவின் கிளினிக் கொப்பி: இரண்டு குளிசைகளின் வரலாறு

நாங்கள் நாலு பேரும் கலைப்பீடத்துப் பிள்ளைகள். மருந்தைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி எண்டு கேட்டால், ஒண்டும் இல்லை. ஆனால் ஆவணங்களை எப்படி வாசிக்கிறது எண்டு மூன்று வருசமாகப் படிக்கிறோம். போன லீவில் பேசாலையில் எங்களுக்கு ஒரு ஆவணம் கிடைத்தது. அது ஒரு கிளினிக் கொப்பி.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுடையது அது. மன்னார்ப் பக்கம் போனால் எல்லாரும் அந்த வீட்டில்தான் நிற்கிறது, அதனால் அவ எங்கள் எல்லாருக்கும் அம்மம்மாதான். பழைய கலண்டர் தாளால் உறை போட்ட கொப்பி, ஷொப்பிங் பையில், பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே வரிசையாகத் திகதிகள். ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன இலக்கம், அதற்குக் கீழே வாபரின் எத்தனை மில்லிகிராம் எண்டு டொக்டரின் எழுத்து.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் அம்மம்மாவின் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. பிறகு கொழும்பில் ஒபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் இரத்தம் கட்டி ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டி மூளைக்குப் போகலாம், வால்வே இறுகி நிற்கலாம். அதனால்தான் வாழ்நாள் முழுக்க வாபரின். சனம் அதை 'இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை' எண்டு சொல்லும். உண்மையில் இரத்தம் தண்ணியாகிறதில்லை, உறைவதற்கு எடுக்கிற நேரம்தான் கூடுகிறது. அந்த நேரத்தை அளக்கிற இலக்கம்தான் கொப்பியில் இருக்கிற ஐஎன்ஆர். வாபரின் எடுக்காத ஆளுக்கு அது 1க்குக் கிட்ட இருக்கும். அம்மம்மாவுக்கு 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்க வேண்டும் எண்டு முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தப்பெருக்கு.

பல வருசமாக அந்த இலக்கங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. 2.8, 3.1, 2.9, 2.7. திடீரெண்டு ஒரு பக்கத்தில் 6.1. அந்த 6.1இன் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கனடாவில இருந்து வந்த பார்சல்

அம்மம்மாவுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. அதை அவ ஒருவருக்கும் சொன்னதில்லை. சலம் வருது எண்டு தெரிந்தால் அடுத்த நிமிசம் ஓட வேண்டும், சில நேரம் போய்ச் சேர முதலே போய்விடும். இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டும். அவ மெல்ல மெல்லத் தன்ர வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டா. ஞாயிறு பூசைக்குப் போனால் கடைசி வாங்கில், கதவோரமாக இருப்பா. பிறகு பூசைக்கும் போகேல்லை. ஆவணி மாதம் மடுத் திருவிழாவுக்குப் போகாமல் விட்டதுக்கு 'முழங்கால் நோ' எண்டு காரணம் சொன்னவ. உண்மையான காரணம் பஸ்ஸில் இருக்கிற நேரம்.

அதை அவ கடைசியில் சொன்னது ஒரே ஒரு ஆளுக்கு, கனடாவில் இருக்கிற மகளுக்கு, வாட்ஸ்அப்பில். அந்தச் சித்திக்கும் இதே பிரச்சினை. அங்கே டொக்டர் குடுத்த குளிசையில் தனக்கு நல்ல சுகம் எண்டு சொல்லி, அடுத்த பார்சலில் சொக்லேட்டுக்கும் சம்பூவுக்கும் நடுவில் அதையும் வைத்து அனுப்பினா. மருந்தின் பெயர் டோல்டெரோடின். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்ட காலத்தில் வெளிநாட்டுப் பார்சல்தான் பல வீடுகளைக் காப்பாற்றியது. அந்தப் பழக்கத்தில் ஒருவரும் இதை யோசிக்கேல்லை. நாங்களும்தான். பெட்டியை உடைத்தபோது நாங்கள் பக்கத்தில் இருந்து சொக்லேட்டைத்தான் பங்கு பிரித்தோம்.

ரெண்டு கிழமையில் பல்லு விளக்கும்போது முரசில் இரத்தம். மூன்றாம் கிழமை கையில் நீலம் பாரிச்சிருந்தது, அடிபட்ட ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஐஎன்ஆர் 6.1. "புதுசா ஏதும் மருந்து எடுத்தீங்களா?" எண்டு டொக்டர் சிங்களத்தில் கேட்டார், மிஸி தமிழில் சொன்னா. வார்ட்டில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அம்மம்மா தலையை ஆட்டி 'இல்லை' எண்டா. பின்னேரம் பேத்தி தனிய இருக்கும்போதுதான், "பிள்ளை, உந்த சலத்துக்கு எடுத்ததும் மருந்துதானே?" எண்டு கேட்டிருக்கிறா.

மாட்டிலிருந்து மனிசருக்கு

வாபரினின் கதை தொடங்குவதும் கனடாவில்தான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. கொம்பு வெட்டின காயத்திலேயே செத்த மாடுகளும் உண்டு. ஒன்ராறியோவில் மிருக வைத்தியராக இருந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட், பூஞ்சணம் பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோல்தான் காரணம் எண்டு கண்டுபிடித்தார். நல்ல வைக்கோல் தின்ற மாட்டுக்கு ஒன்றும் இல்லை, பழுதானதைத் தின்றதுக்குத்தான் வருத்தம்.

1933 பெப்ரவரியில், பனிப்புயலுக்குள்ளால், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த பசுக்கண்டு ஒன்றையும், பழுதான வைக்கோலையும், ஒரு பால் கலன் நிறைய உறையாத இரத்தத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே அவர் கண்டது கார்ல் பவுல் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரை. லிங்கின் ஆய்வுகூடம் ஆறு வருசம் மினக்கெட்டு 1939இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதற்கு டைகூமரோல் எண்டு பெயர் வந்தது. அதே குடும்பத்தில் இன்னும் வீரியமான ஒன்றை எலிப் பாஷாணமாக 1948இல் விற்கத் தொடங்கினார்கள். ஆய்வுக்குக் காசு கொடுத்த விஸ்கான்சின் அலும்னி ரிசேர்ச் ஃபவுண்டேஷனின் முதலெழுத்துக்கள் சேர்ந்து 'வார்ஃப்', அதோடு கூமரினின் வால். அதுதான் வார்ஃபரின், எங்கள் வாயில் வாபரின்.

எலி மருந்து மனிசருக்கு எப்படி வந்தது? 1951இல் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த ஒருவர் உயிரை மாய்க்க அதை விழுங்கினார். வைத்தியசாலையில் விற்றமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். இதை மாற்ற மருந்து உண்டு, அளந்து கொடுத்தால் மனிசருக்கும் கொடுக்கலாம் என்ற துணிவு வந்தது. 1954இல் மனிதப் பாவனைக்கு அனுமதி. அடுத்த வருசம் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எங்களைப் பிடித்தது விஞ்ஞானியை விட அந்த விவசாயிதான். அவருக்கு இரசாயனம் தெரியாது. 'என்ர மாட்டுக்கு இரத்தம் நிக்குதில்லை' எண்டு சொல்ல மட்டும் தெரியும். சொன்னார், கலனில் கொண்டுவந்து காட்டினார்.

வெட்கத்தின் மருந்து

மற்றக் குளிசையின் முன்னோர் எங்கள் வேலியோரத்து ஊமத்தையின் உறவுக்காரர். ஊமத்தை, பெலடோனா போன்ற செடிகளில் அட்ரோபின் வகைப் பொருட்கள் உண்டு. ஊமத்தை தின்றவருக்கு வாய் வரளும், கண்மணி விரியும், சலம் கட்டும், புத்தி தடுமாறும் எண்டு கிராமத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்தியைத் தடுப்பதால்தான் இவ்வளவும். சலப்பை அடிக்கடி சுருங்குகிறதுதான் பிரச்சினை எண்டால், அந்தத் தடையை அளவாகப் பாவிக்கலாம்தானே? அந்த வழியில் 1975இல் ஒக்சிபியூட்டினின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1998இல் டோல்டெரோடின் வந்தது. வாய் வரட்சி ஒக்சிபியூட்டினினை விடக் குறைவு எண்டதுதான் அதற்கு விளம்பரம்.

இந்த வருத்தத்துக்கு இப்போது வழங்குகிற ஆங்கிலப் பெயரின் பொருள் 'மிகையாக வேலை செய்யும் சலப்பை'. அந்தப் பெயர் பரவியது 1990களின் பிற்பகுதியில்தான், புது மருந்துகள் வந்த அதே காலத்தில். சர்வதேச கண்டினன்ஸ் சங்கம் 2002இல் அதற்கு ஒழுங்கான வரைவிலக்கணம் கொடுத்தது. கம்பனிகள் மருந்தை விற்கவே நோய்க்குப் பெயர் வைத்தன எண்டு சிலர் குற்றம் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் பெயர் இல்லாததால் எங்கட பெண்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1990இல் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் சனம் படகேறி இராமேஸ்வரம் போனது. பிறகு 2006இலும் போனது. இடப்பெயர்வு பற்றி நாங்கள் வகுப்பில் எத்தனையோ வாசித்திருக்கிறோம். படகில் எத்தனை பேர், எவ்வளவு காசு, எந்த முகாம் எல்லாம் இருக்கும். ஆம்பிளைகளுக்கு நடுவில் நெருக்கி இருந்த பெண்கள் இரவு முழுக்கச் சலத்தை எப்படி அடக்கினார்கள் எண்டு ஒரு வரியும் கண்டதில்லை. அம்மம்மா மண்டபம் முகாமைப் பற்றிக் கதைக்கும்போது முதலில் சொல்கிறது கக்கூஸ் வரிசையைத்தான். அடக்குகிறதுதான் மரியாதை எண்டு முப்பது வருசம் பழகின ஆள், வார்ட்டில் பத்துப் பேருக்கு நடுவில் எப்படி வாய் திறப்பா?

இரண்டும் சந்தித்தது எங்கே?

டோல்டெரோடின் சந்தைக்கு வர முதல் கம்பனி இதைச் சோதித்துத்தான் இருந்தது. சுகதேகிகளுக்கு ஏழு நாள் டோல்டெரோடின் கொடுத்து, நாலாம் நாள் ஒரே தரம் 25 மில்லிகிராம் வாபரின் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் உறையும் நேரத்தில் மாற்றம் இல்லை. அப்படித்தான் மருந்துக் குறிப்பிலும் எழுதினார்கள். ஆனால் 1999இல் மருந்தியல் சஞ்சிகை ஒன்றில் அமெரிக்க மருந்தாளர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இருவரும் நீண்ட நாள் வாபரின் எடுத்து ஒழுங்காக இருந்தவர்கள். டோல்டெரோடின் சேர்த்ததும் ஐஎன்ஆர் ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது.

இதில் எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். ஈரலில் மருந்துகளை உடைக்கிற நொதியங்கள் பல உண்டு. வாபரினின் வீரியமான பாதியை முக்கியமாக உடைப்பது சிவைபி2சி9. டோல்டெரோடினை உடைப்பவை சிவைபி2டி6, சிவைபி3ஏ4. பாதைகள் பெரும்பாலும் வேறு வேறு, அதனால் மோதல் சாதாரணமாக வரக் கூடாது. ஆனால் சோதனையில் இருந்தவர்கள் சுகதேகிகள், எடுத்தது ஒரே ஒரு தரம். பல வருத்தங்களுக்குப் பல குளிசை எடுக்கிற, சாப்பாடு குறைந்த, எழுபது தாண்டின உடம்பு வேறு. 'பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனால் சேர்க்கும்போது இரத்தத்தைப் பார்' எண்டதுதான் இதிலிருந்து எடுக்கக்கூடிய பாடம். பிறகு வந்த மிராபெக்ரோன் வேறு வழியில் வேலை செய்வது. அதை வாபரினோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில் உடம்பில் வாபரினின் மொத்த அளவு ஏறத்தாழ 9 வீதம்தான் கூடியது, பெரிய விசயம் இல்லை எண்டார்கள்.

அம்மம்மாவின் 6.1க்கு டோல்டெரோடின்தான் காரணமா? டொக்டர் அடிச்சுச் சொல்லேல்லை. வாய் வரண்டதால் அவ சாப்பாட்டைக் குறைத்திருந்தவ. முருங்கை இலையும் வல்லாரையும் அந்த மூன்று கிழமையும் தொடவே இல்லை. பச்சை இலையில் இருக்கிற விற்றமின் கே வாபரினுக்கு எதிராக நிற்கும். அது குறைந்தால் வாபரின் கை ஓங்கும். அதாவது குளிசை ஈரலில் மோதாமல் சாப்பாட்டுக் கோப்பை வழியாகவும் மோதியிருக்கலாம். இன்னொன்றும் மிஸி சொன்னா. சலம் அடிக்கடி போகுது எண்டு வருகிறவர்களுக்குக் கிருமித் தொற்றுக்கு எண்டு அன்ரிபயோட்டிக் எழுதுவார்கள். அவற்றில் கோட்ரைமொக்சசோல் வாபரினோடு கடுமையாக மோதும், சிப்ரோஃபுளொக்சசினும் ஐஎன்ஆரை ஏற்றலாம். சலப்பைக் குளிசையை விட அதுதான் பெரிய ஆபத்து.

ஈரலும் சாப்பாடும் போக இன்னொரு சந்திப்பு இடத்தை நாங்கள் அண்டைக்கு இரவுதான் கண்டோம். வீட்டுக்குப் பின்னால், மணலில் இருபது அடி தள்ளி, வெளிச்சம் இல்லாத கக்கூஸ். நாலு தரம் அவசரமாக எழும்பி இருட்டில் ஓடுகிற, இரத்தம் உறையாத ஒரு கிழவி. விழுந்து தலை அடிபட்டால் என்ன நடக்கும் எண்டு யோசித்துப் பாருங்கள். சலத்துக்கு வைத்தியம் பார்க்காமல் விடுகிறதும் வாபரின்காரருக்கு ஆபத்துத்தான். அம்மம்மா மருந்து தேடினது பிழையே இல்லை.

ஒரு பெயர், பல பெட்டி

டோல்டெரோடினை வட அமெரிக்காவில் டெட்ரோல் எண்டு விற்கிறார்கள், பிரித்தானியாவில் அதே மருந்து டெட்ருசிட்டோல். வாபரினுக்கு அமெரிக்காவில் பழைய பெயர் கூமடின். பார்சலில் வந்த போத்தலில் பெரிய எழுத்தில் இருந்தது கம்பனிப் பெயர்தான். மருந்தின் உண்மையான பெயர் கீழே, அம்மம்மாவின் கண்ணுக்கு எட்டாத அளவில்.

இந்தப் பிரச்சினையை எங்கள் நாட்டில் ஒருவர் ஐம்பது வருசத்துக்கு முதலே பிடித்துவிட்டார். பேராசிரியர் சேனக பிபிலே, இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர். 1971இல் அவரும் டொக்டர் எஸ்.ஏ. விக்ரமசிங்கவும் எழுதிய அறிக்கையின் வழியில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது, பிபிலே அதன் முதல் தலைவர். இறக்குமதியான ஏறத்தாழ 2100 மருந்துகளைத் தேவையான 600 அளவுக்குக் குறைத்தார்கள். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்கினார்கள், எழுதச் சொன்னார்கள். பெரிய கம்பனிகள் எதிர்த்தன. 1977இல் கயானாவில் வேலையில் இருந்தபோது பிபிலே இறந்தார். அதே வருசம் உலக சுகாதார நிறுவனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 2015இன் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வர இன்னும் 38 வருசம் எடுத்தது.

பிபிலேயைப் பற்றி எழுதுகிறவர்கள் விலை குறைந்ததைத்தான் கூடச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதிதான். ஒரு மருந்துக்கு ஒரே பெயர் இருந்தால்தான் இன்னொரு மருந்தோடு அது மோதுமா எண்டு தேட முடியும். கொழும்பில் எழுதினதைப் பேசாலையில் வாசிக்கிறவருக்கும், கனடாவில் வாங்கினதை மன்னாரில் பார்க்கிறவருக்கும் நடுவில் இருக்கிற பாலம் அந்தப் பொதுப் பெயர். மன்னார்க்காரருக்குப் பாலத்தின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. 1990இல் உடைந்த தீவுப் பாலத்துக்குப் பதில் புதுப் பாலம் திறக்க 2010 ஆனது.

கொப்பியில் நாங்கள் சேர்த்தது

அம்மம்மாவுக்கு விற்றமின் கே குடுத்தார்கள், வாபரினை இரண்டு நாள் நிறுத்திப் பிறகு அளவு மாற்றித் தொடங்கினார்கள். அடுத்த கிழமை 3.0. டோல்டெரோடினை நிற்பாட்டச் சொன்னார்கள். சலத்துக்கு எண்டு தனியாக வேறு நாள் கிளினிக்குக்கு வரச் சொல்லி, பெண் டொக்டர் ஒருவர் பேத்தியை மட்டும் வைத்துக்கொண்டு கதைத்தா. முதலில் குளிசை இல்லாமல் பார்ப்போம் எண்டா. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், அடிவயிற்றுத் தசைக்குப் பயிற்சி, நேரம் வைத்துப் போய்ப் பழகுதல். மாமா கக்கூஸ் வரைக்கும் வயர் இழுத்து ஒரு பல்ப் போட்டார். பயிற்சி முழுசாகச் சரி வரேல்லை, ஆனால் இரவில் நாலு தரம் இப்ப ரெண்டாகியிருக்கிறது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாங்கள் கோடு போட்டு மூன்று பத்தி வரைந்தோம். மருந்தின் பொதுப் பெயர், எப்ப தொடங்கினது, ஆர் தந்தது. வாபரினுக்கு மேலே 'வால்வு' எண்டும், டோல்டெரோடினுக்குப் பக்கத்தில் 'கனடாச் சித்தி, மூன்று கிழமை, நிற்பாட்டியாச்சு' எண்டும் எழுதினோம். நோ எண்ணெயும் கடைப் பனடோலும் ஊர்ப் பரியாரியாரின் கசாயமும் அதிலே இருக்கின்றன. சித்தியிடமும் சொல்லிவிட்டோம், இனி அனுப்ப முதல் போத்தலின் படத்தை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லி. அதை டொக்டரிடம் காட்டின பிறகுதான் வாயில் போடுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போனால் ஒருக்கா எடுத்து வாசியுங்கள். அதில் எழுதாமல் விட்டது எது எண்டு அம்மம்மாவிடம் தனிய இருந்து கேளுங்கள். கேட்டபிறகு கோபப்படாதேயுங்கோ. இரத்தம் உறையாத குளிசையை மட்டும் உங்கள் எண்ணத்துக்கு நிற்பாட்ட விடாதேயுங்கோ, அது டொக்டரின் வேலை.

இந்த ஆவணியில் அம்மம்மா மடுவுக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. வானில் போவதாகத் திட்டம், வழியில் எங்கே எங்கே நிற்பாட்டலாம் எண்டு இப்பவே மாமாவோடு கதைத்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலும் கொப்பிக்குள்தான் இருக்கிறது.